பாறைக்கு மேலே ஒரு குழாய்

அத்தியாயம் பதினேழு

பெகாயிமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுவோம். போன வாரம் ஆற்றுப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தவளை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம் அல்லவா?

முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். இரண்டு வாளித் தண்ணீரும் அவள் மேலேயே கொட்டி, வீடு வந்து சேர்வதற்குள் கோட்டு தகரம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளைதான் ராத்திரி முழுக்க உதைத்துக்கொண்டே இருந்ததாம்.

"அதுக்கு என் மேல கோவம், அபா" என்று காலையில் மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள் பெகாயிம்.

மாமியார் புருலுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டு மருமகள், வயிறும் பிள்ளையுமாக, ஆற்றில் ஓட்டை போட்டுத் தண்ணீர் மொள்ளுவதா? இந்த வீட்டு மருமகளா?

அவள் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திருகினாள். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒரு வாரமாக இதே கதைதான்.

மேல்தெருவில் முதன்முதலாக வீட்டுக்குள் தண்ணீர் கொட்டிய குழாய் அது. மகன் உலான் பிறந்த வருஷம், கணவர் ஷார்ஷென் தன்னந்தனியாகப் பள்ளம் வெட்டி, தெருவில் போகும் பெருங்குழாயிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. இருபத்து நாலு பனிக்காலம் தாண்டியாயிற்று. பசுவின் மூச்சே அதன் மீசையில் பனியாக ஒட்டிக்கொள்ளும் குளிரில்கூட அது நின்றதில்லை.

"எவ்வளவு ஆழம் தெரியுமா? பள்ளத்துல நின்னு ரெண்டு கையையும் தூக்கினா, விரல் நுனிதான் வெளியில தெரியும்!" என்று ஷார்ஷென் சொல்வார். கல்யாண வீட்டில் சொல்வார், சாவு வீட்டில் சொல்வார், அத்-பாஷி சந்தையில் ஆட்டுக்கு விலை பேசும்போதுகூடச் சொல்வார். அதைப் பார்த்துத்தான் தெருவில் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குழாய் போட்டார்கள்.

இப்போது மற்ற வீடுகளில் எல்லாம் தண்ணீர் வருகிறது. இந்த வீட்டில் மட்டும் இல்லை. எதிர்வீட்டு ஜோல்தோஷிடம் வாளியோடு போய் நிற்கலாம்தான். ஆனால் அந்தக் கேட்டைத் தாண்ட இந்த வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை; வேறு வீட்டில் வாளி நீட்ட ஷார்ஷெனின் பெருமை விடாது. அதனால்தான் ஆறு. அதனால்தான் முழங்கைச் சிராய்ப்பு.

புருல் அடுப்பருகே உட்கார்ந்திருந்த கணவர் முன்னால் போய் நின்றாள்.

"இன்னைக்குத் தோண்டறோம்."

"வசந்தம் வரட்டும்" என்றார் ஷார்ஷென், தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

"வசந்தத்துக்கு முன்னாடி பேரப்பிள்ளை வந்துடும், பெரியவரே. அதைக் குளிப்பாட்ட ஆத்துக்கா தூக்கிட்டுப் போறது?"

"நான் போட்ட குழாய் உறையாது. தெருக் குழாய்லதான் ஏதோ அடைப்பு."

"அப்ப ஜோல்தோஷ் வீட்டுல எப்படி வருது?"

"காலங்கார்த்தால அவன் பேரைச் சொல்லாதே."

"கோடையில உலான் புதுக் குழாய் ஒரு சுருள் வாங்கிட்டு வந்து கெஞ்சினான். மாத்தவிட்டீங்களா? நான் உயிரோட இருக்கறவரை மண்வெட்டி படக்கூடாதுன்னு கத்தினீங்க. பிள்ளை மூஞ்சியைத் தூக்கிட்டு மாஸ்கோவுக்குப் போயிட்டான். சுருள் கொட்டகையில கிடக்கு."

"கிடக்கட்டும்."

"மருமக விழுந்துட்டா."

ஷார்ஷென் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். பாதித் தேநீர் சிந்தியதைப் புருல் கவனித்தாள். வயசு என்று நினைத்தாள். பிடிவாதம் என்று நினைத்தாள். அது இரண்டும் இல்லை, பயம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

கம்பளிச் சால்வையை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கே போறே, கிழவி?"

"அஷாருக்குச் சொல்ல."

ஒரு வீட்டில் பெரிய வேலை என்றால் தெருவே கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்து நிற்கும். கூலி கிடையாது, வயிறார விருந்து மட்டும்தான். அதுதான் அஷார். ஆனால் அழைப்பது வீட்டுத் தலைவன் வேலை. வீட்டுக்காரர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மனைவி கேட்டைத் திறந்துகொண்டு அழைக்கப் போனதாக மேல்தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

புருல் நேராக ஜோல்தோஷ் வீட்டுக்குத்தான் போனாள். கசப்பு மருந்தை முதலில் விழுங்கிவிடுவது அவள் பழக்கம்.

ஜோல்தோஷ் கல் தச்சர். வீட்டு அஸ்திவாரம், கல்லறைக் கல் எல்லாம் அவர் கைதான். இளவயதில் ஷார்ஷெனும் அவரும் ஒரே குதிரையில் போனவர்கள். எப்போது இறங்கினார்கள், எதற்கு இறங்கினார்கள் என்று இருவருக்குமே இப்போது சரியாக நினைவிருக்காது.

"அண்ணன் அனுப்பினாரா அண்ணி?" என்றார், வைக்கோலை மாட்டுக்குப் போட்டுக்கொண்டே.

"அவர் தூங்கறார். நான்தான் கூப்பிடறேன்."

"தூங்கறாரா? ஜன்னல் வழியா எங்க வீட்டையே முறைச்சுட்டு இருக்காரே, கண்ணைத் தொறந்துட்டே தூங்குவாரோ?"

"வர்றியா, இல்லையா?"

"வராம? மருமகப் பொண்ணு விழுந்ததைக் கேட்டதுலேர்ந்து என் பொண்டாட்டி என்னைத் திட்டிட்டே இருக்கா. 'நீயாப் போய்க் கேட்டா உன் தொப்பி கழண்டு விழுந்துடுமா'ன்னு." ஜோல்தோஷ் கையைத் தட்டிக்கொண்டார். கண்ணில் குறும்பு. "ஆனா ஒண்ணு அண்ணி. பள்ளம் வெட்டினா ஆழத்தை நான்தான் அளப்பேன். இருபத்து நாலு வருஷமா அந்த ரெண்டு கையைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு."

"அளந்துக்கோ!" என்றாள் புருல். தலை தானாக நிமிர்ந்தது. "பள்ளத்துல நின்னு அளந்துக்கோ. உன் தொப்பிகூட வெளியில தெரியாது. தெரிஞ்சா என்னை என்னன்னு வேணா கூப்பிடு."

வார்த்தை விழுந்துவிட்டது. பக்கத்து வேலிகளில் இரண்டு தலைகள் தெரிந்தன. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். போகட்டும் என்று நினைத்தாள். கணவர் சொன்ன ஆழத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வெயில் ஏறும்போது முற்றம் நிறைந்துவிட்டது. கடப்பாரை, கோடாலி, மண்வெட்டி. ஒருவன் மின்சுத்தியல் கொண்டுவந்து செருகினான். அது ஒரு தடவை 'டர்' என்றது, தெருவுக்கே கரண்ட் போயிற்று. எல்லா வீட்டிலிருந்தும் வசவு கேட்டது. அதைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள்.

ஜோல்தோஷ் சமையலறையில், குழாய் தரையிலிருந்து மேலே வரும் இடத்தைக் கழற்றினார். அதற்குள் மெல்லிய ரப்பர் குழாயை விட்டு, வெந்நீரைச் செலுத்திக்கொண்டே உள்ளே தள்ளினார். போயிற்று, போயிற்று, பிறகு நின்றது. பனிக்கட்டி. எவ்வளவு வெந்நீர் விட்டும் அசையவில்லை. ரப்பர் குழாயை வெளியே இழுத்து, அதையே முற்றத்தின் மேல் நீட்டிப் போட்டார். நுனி கேட்டுக்கு உள்பக்கம், பாப்ளார் மரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

"இங்கதான் அடைச்சிருக்கு."

எல்லோரும் அந்த இடத்தைச் சூழ்ந்தார்கள். ஜோல்தோஷ் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். இரும்புச் சத்தம் கேட்டது. சுற்றிலும் பார்த்தார்.

"அண்ணி, பனி எங்கே?"

"என்ன பனி?"

"தெருவுல எல்லார் வீட்டு முற்றத்துலயும் முழங்கால் அளவு பனி கிடக்கு. உங்க முற்றம் மட்டும் கல்யாணத்துக்குத் துடைச்ச மாதிரி மண்ணு தெரியுதே?"

புருல் முற்றத்தைக் கேட்டுவரை பார்த்தாள். முந்தைய வருஷங்களில் தன் முழங்கால் வலியோடு அவள் கேட்டுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும்தான் பெருக்குவாள். இந்த வருஷம்தான் மருமகள் வந்திருக்கிறாள். விடிவதற்கு முன் எழுந்து, துடைப்பத்தை எடுத்து, மூலை முடுக்கு விடாமல் பனியைத் தள்ளி வெளியே கொட்டிவிடுவாள். போகிற வருகிறவர்களெல்லாம் கேட்டருகே நின்று பார்ப்பார்கள். 'மருமகன்னா இப்படி இருக்கணும்' என்பார்கள். புருல் ஒன்றும் தெரியாத மாதிரி மாட்டைக் கறந்துகொண்டிருப்பாள். ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

"பனிதானே அண்ணி மண்ணுக்குப் போர்வை?" என்றார் ஜோல்தோஷ். "அதை உருவிட்டா குளிரு நேரா உள்ள இறங்காம என்ன பண்ணும்?"

எல்லோரும் பெகாயிமைப் பார்த்தார்கள். வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தவள் முகம் வெளுத்தது.

"அங்க என்ன பார்வை?" புருல் இரண்டே எட்டில் மருமகளுக்கு முன்னால் வந்து நின்றாள். "நான் சொல்லித்தான் பெருக்கினா. பனிக்காலம் பூரா எனக்குத் தரை தெரியணும்னு சொன்னது நான். தெரு மெச்சணும்னு ஆசைப்பட்டதும் நான். சொல்றதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

"அபா, விடுங்க…"

"நீ உள்ள போய் மாவு பிசைஞ்சு போர்சோக் பொரிச்சு வை. வேலைக்கு வந்தவங்க பசியோட பேசினா இப்படித்தான் பேசுவாங்க."

சிரிப்பு எழுந்தது. ஜோல்தோஷும் சிரித்தார். ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை.

"அது சரி அண்ணி. ஆனா கை தூக்குற ஆழத்துல குழாய் கிடந்தா, மேல பெருக்கினா என்ன, பெருக்காட்டா என்ன? குளிரு அவ்வளவு தூரம் இறங்கவே இறங்காதே?"

புருல் வாயைத் திறந்தாள். தன்னையறியாமல் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். திரைச்சீலை அசைந்தது.

காட்டிய இடத்தில் நிலக்கரியும் வறட்டியும் கொட்டித் தீ மூட்டினார்கள். சூடு வெளியே போகாமல் பழைய கூரைத் தகரத்தைப் போட்டு மூடினார்கள். மண் இளகும்வரை சாப்பாடு. பெரிய வாணலியில் ஆட்டுக்கறி வறுவல், சூடான போர்சோக், உப்புப் போட்ட பால் தேநீர். ஆட்கள் முறைபோட்டு உள்ளே வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள்.

பெகாயிம் சும்மா இருக்கவில்லை. குளிரில் விறைத்த குழாய் வளையாது, வளைத்தால் ஒடியும். அதனால் கொட்டகையிலிருந்து அந்தச் சுருளை இரண்டு பேரைக் கொண்டு உள்ளே தூக்கிவரச் சொல்லி, அடுப்பைச் சுற்றிப் போட்டாள். சூடு ஏற ஏற அந்தக் கறுப்புக் குழாய் சோம்பல் முறிக்கிற பாம்பு மாதிரி அவிழ்ந்து அறை முழுக்கப் பரவியது.

"அதா, காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க" என்றாள், மருமகள் முறைப்படி மாமனார் முகத்தைப் பார்க்காமல், மெல்ல.

ஷார்ஷென் காலைத் தூக்கினார். குழாய் அவருக்குக் கீழே புகுந்து, முதுகுப் பக்கம் போய், மறுபடி முன்னால் வந்தது. மகன் வாங்கிய குழாய்க்கு நடுவில், கட்டிப்போட்ட ஆள் மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார். கறித்தட்டை அவர் முன்னால் வைத்தாள் புருல். அவர் தொடவில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"கிழவி," என்றார் தாழ்ந்த குரலில், "அவனை அனுப்பிடு. மத்தவங்க தோண்டட்டும். ஜோல்தோஷ் வேண்டாம்."

"ஏன்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் வெளியே தகரத்தை இழுக்கும் சத்தம் கேட்டது.

மேல்மண் இளகியிருந்தது. அதற்குக் கீழே இறுகித்தான் கிடந்தது. கடப்பாரை விழுந்தால் தீப்பொறி பறந்தது. ஆட்கள் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டினார்கள். அந்தக் குளிரிலும் முதுகில் ஆவி பறந்தது. பள்ளம் முழங்கால் ஆயிற்று, தொடை ஆயிற்று. இடுப்பளவு வந்தபோது கடப்பாரை 'ணங்' என்றது.

"கல்லு!"

"தள்ளிப் போடு, பக்கத்துல குத்து."

பக்கத்திலும் 'ணங்'. இன்னும் தள்ளிக் குத்தினாலும் அதே சத்தம். மண்வெட்டியால் வழித்துப் பார்த்தார்கள். ஒரு மாட்டு வண்டி அகலத்துக்குக் கறுப்புப் பாறை. அதில் பதிந்த மாதிரி, தார்ப்பாய் சுற்றி, கம்பி போட்டுக் கட்டிய நீள மூட்டை. மூட்டையின் இரண்டு முனையிலும் குழாய் எட்டிப் பார்த்தது.

கடப்பாரைகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

ஜோல்தோஷ் பள்ளத்தில் இறங்கினார். பாறை மேல் நிமிர்ந்து நின்றார். மண் அவர் பெல்ட்டு வரைதான் வந்தது. மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார், சரணடைகிற சிப்பாய் மாதிரி.

முற்றம் வெடித்துச் சிரித்தது. வேலிக்கு வெளியே நின்ற பெண்கள்கூடச் சிரித்தார்கள். புருலுக்குக் காதுவரை எரிந்தது. 'தெரிஞ்சா என்னை என்னன்னு வேணா கூப்பிடு.' காலையில் சொன்ன வாய் இதுதான்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. எல்லோரும் வாசல் பக்கம் பார்த்தார்கள்.

ஷார்ஷென் நின்றிருந்தார். தலையில் தொப்பி இல்லை. காலில் வீட்டுச் செருப்பு.

"பார்த்தாச்சில்ல" என்றார். "மூடிட்டுப் போங்க."

"அண்ணே, நான் சும்மா விளையாட்டுக்கு…" என்று ஆரம்பித்தார் ஜோல்தோஷ்.

"மூடுங்கன்னேன்."

மண்வெட்டிகளைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மூடத்தான் வேண்டும்.

புருல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள்.

"அண்ணி, பாத்து!"

அவள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து கம்பியை முறுக்கி அவிழ்த்தாள். தார்ப்பாயை விலக்கினாள். உள்ளே தடித்த கம்பளி. ஓரம் மட்கியிருந்தது, நடுப்பகுதி அப்படியே இருந்தது. சிவப்பும் கறுப்புமாக, ஆட்டுக்கொம்பு வளைவுகள்.

அவள் கை நின்றுவிட்டது.

ஷிர்தாக். அவளுடைய ஷிர்தாக். கல்யாணத்துக்கு அம்மா ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வெட்டித் தைத்துக் கொடுத்த சீர்க் கம்பளம். ஒரு மூலையில் நூல் தீர்ந்து, பச்சை நூலால் முடித்திருந்தாள் அம்மா. புருல் அந்த மூலையைத் தேடினாள். பச்சை நூல் இருந்தது.

உலானைப் பெற்று, அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று இது காணாமல் போயிருந்தது. அந்த ஒரு மாதமும் வீட்டில் தம்பிக்குச் சமைத்துப் போட்டது ஷார்ஷெனின் அக்கா பாத்மா. அன்றைக்கு புருல் சொன்ன வார்த்தையைக் கேட்டுவிட்டு வாசலைத் தாண்டிப் போனவள், இன்றுவரை திரும்பி வரவில்லை.

புருல் தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

கம்பளத்தை உருவி எடுத்தாள். அடியில் குழாய். குழாய்க்கு அடியில்…

"ஜோல்தோஷ்," என்றாள், "இங்க வந்து பாரு."

பாறையில் ஒரு வாய்க்கால் ஓடியது. பாறையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, முழங்கை ஆழத்துக்கு, நூல் பிடித்த மாதிரி நேராக. சுவர்களில் உளித்தடம் வரிசை வரிசையாக இருந்தது. அதற்குள்தான் குழாய் கிடந்தது.

ஜோல்தோஷ் கையுறையைக் கழற்றினார். விரலை உள்ளே விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போனார். திரும்பித் தடவிக்கொண்டே வந்தார். ஆயுள் முழுக்கக் கல் கொத்திய விரல்கள் அவை. முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"இது கருங்கல்லு அண்ணே" என்றார் மேலே பார்த்து. "நான் இதுல பேரு வெட்டவே மாட்டேன்னு சொல்லிடுவேன். உளி முனை போயிடும். எத்தனை உளி போச்சு?"

"எண்ணலை."

"எவ்வளவு நாளு?"

"முதல் பனி விழற வரைக்கும்."

"ஏன் கல்லைச் சுத்திட்டுப் போகலை?"

ஷார்ஷென் படியிலிருந்து இறங்கி வந்தார். பள்ளத்தின் விளிம்பில் நின்றார்.

"ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பள்ளம் வெட்டிட்டு வந்தேன். ரெண்டு கை ஆழம். மத்த இடமெல்லாம் அந்த ஆழம்தான், வேணும்னா தோண்டிப் பாரு. கடைசியில இது வந்து நின்னுச்சு. தீ மூட்டிப் பார்த்தேன், பிளக்கலை. சுத்திப் போகலாம்னு யோசிக்கறதுக்குள்ள பக்கத்து மண்ணு இறுக ஆரம்பிச்சுடுச்சு. கல்லை மட்டும் குளிர்லயும் கொத்தலாம். அதான் கொத்தினேன். அதுக்கு மேல முடியலை. இவ பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற நாள் வந்துடுச்சு."

"ஒரு அஷார் கூப்பிட்டிருக்கலாமே? நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?"

"எப்படிக் கூப்பிடறது? கை தூக்குற ஆழம்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே, பள்ளம் வெட்டறதுக்கு முன்னாடியே."

ஜோல்தோஷ் அவரையே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். தலையிலிருந்து ஆவி எழுந்தது.

"மூடணும்னா சொன்னீங்க?" என்றார். "இந்தக் கல்லு மேல ஒரு பிடி மண்ணு போடட்டும் எவனாவது, பார்க்கறேன். முதல்ல தெருவுல இருக்கறவனெல்லாம் வரிசையா வந்து இதைப் பாருங்கடா. உளி பிடிக்கறேன்னு சொல்லிட்டுத் திரியறவனெல்லாம் பாருங்க!"

பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சிரித்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற பெண்களும் உள்ளே வந்தார்கள். ஒரு கிழவர் வாய்க்காலில் உள்ளங்கையை வைத்து, "குதிரை தண்ணி குடிக்கலாம் போலிருக்கே!" என்றார்.

புருல் பள்ளத்தின் ஓரத்தில் கம்பளத்தை அணைத்துக்கொண்டு நின்றாள். கோபம் தொண்டைவரை இருந்தது. அதற்கும் மேலே வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது. பெருமை. இடுப்பளவு ஆழம்தான். ஆனால் இந்த இடுப்பளவை இந்தத் தெருவில் வேறு எவனாவது வெட்டியிருப்பானா?

"பாப்ளார் பக்கமா சுத்திட்டுப் போயிடலாம்" என்றார் ஜோல்தோஷ், கையில் துப்பி மண்வெட்டியைப் பிடித்தபடி. "அந்தப் பக்கம் கல்லு இல்லை. நாலு பேரு இப்படி, நாலு பேரு அப்படி. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும். ஆழம் எவ்வளவுன்னு யாருக்காவது சொல்லணுமா?"

"ரெண்டு கை!" என்று கத்தினார்கள்.

ஷார்ஷென் குனிந்து ஒரு கடப்பாரையை எடுத்தார். வீட்டுச் செருப்போடு பள்ளத்தில் இறங்கப் போனவரைப் பெகாயிம்தான் ஓடிவந்து நிறுத்தினாள். கையில் அவருடைய கம்பளி பூட்ஸ். "அதா, இதைப் போட்டுட்டு இறங்குங்க." மாமனார் முகத்தை நேராகப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்து மாட்டிக்கொண்டார்.

குழாயை எடுக்க ஷார்ஷெனும் புருலும் உள்ளே வந்தபோதுதான் அவளுக்குத் தனியாக அவரைப் பிடிக்க முடிந்தது.

"திருடின்னு சொன்னேன்" என்றாள். "இதோ இந்த வாசல்ல நின்னு, உங்க அக்காவைத் திருடின்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"நின்னேன்."

"வாயில என்ன இருந்துச்சு?"

ஷார்ஷென் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டே நின்றார். "சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதிச்சா. பூட்ஸ் குதிகாலால, நல்லா அழுத்தி. அப்புறம் கேட்டைத் தாண்டறப்ப, சொன்னா உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"எத்தனையோ தடவை கேட்டுட்டேன். எங்கிட்ட சொல்லலை."

வெளியே ஜோல்தோஷ் குழாய்க்காகக் கூப்பிட்டார். ஷார்ஷென் போய்விட்டார்.

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது பள்ளம் முடிந்தது. ஜோல்தோஷ் அடியில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேலிருந்து பார்த்தவர்களுக்கு விரல் நுனிகள் மட்டும்தான் தெரிந்தன.

"சரியான அளவு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஷார்ஷென் அளவு!"

பழைய குழாயை இரண்டு பக்கமும் அறுத்து, புதியதை வளைத்து இணைத்து இறுக்கினார்கள். தெருவில் மூடியிருந்த வால்வைத் திறந்துவிட ஒருவன் ஓடினான். புருல் சமையலறையில் குழாயைத் திருகிவிட்டுக் காத்திருந்தாள். பக்கத்தில் பெகாயிம். அவள் கையில் போன். போனில் மாஸ்கோவிலிருந்து உலான்.

குழாய் இருமியது. காற்றைத் துப்பியது. ஒரு வாய் செம்மண் நீரைத் துப்பியது. பிறகு மூச்சு வாங்கி, கொட்ட ஆரம்பித்தது.

பெகாயிம் போனைக் குழாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். "கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றான் உலான். பிறகு, "அதா எங்கே?" என்று அப்பாவைக் கேட்டான்.

ஷார்ஷென் வாசலில் நின்றிருந்தார், முழங்கால்வரை மண்ணோடு. போனைப் பார்த்துக் கத்தினார், தூரத்து ஊர் என்பதால் கத்தினால்தான் கேட்கும் என்கிற மாதிரி: "நீ வாங்கின குழாய்தான்டா! நல்ல குழாய்!"

முதல் கெட்டில் தேநீர் ஜோல்தோஷுக்குப் போயிற்று. மண் நிரப்பி முடித்ததும் பெண்கள் வேலிக்கு வெளியே குவிந்திருந்த பனியை வாளி வாளியாக அள்ளிவந்து பள்ளத்தின் மேல் கொட்டினார்கள். "இத்தனை நாளா வெளியில கொட்டினதை இப்ப உள்ள கொட்டறோமே, புருல்!" என்று ஒருத்தி கேலி செய்தாள்.

"கொட்டு, கொட்டு" என்றாள் புருல். "நாளையிலேர்ந்து இந்த வீட்டுல தரை தெரியாது. மருமக தூங்கி எழுந்தா போதும்."

எல்லோரும் போனபின் அவள் கம்பளத்தைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். மண் கரைந்தது. சிவப்பு மெதுவாக வெளியே வந்தது. நீர் தெளியும்வரை கைகளை அதிலேயே வைத்திருந்தாள்.

பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கணவரின் போனை எடுத்தாள். பாத்மாவின் எண் அதில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் வைக்கோல் கொட்டகைக்குப் போய் ரகசியமாகப் பேசுவதும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள், அவ்வளவுதான்.

மணி அடித்தது. என்ன சொல்வது என்று இன்னும் யோசித்திருக்கவில்லை. அக்கா என்று ஆரம்பிப்பதா, மன்னிப்பு என்று ஆரம்பிப்பதா?

அந்தப் பக்கம் எடுத்தார்கள். சலாம் இல்லை. யார் என்ற கேள்வி இல்லை. தம்பியின் எண்ணிலிருந்து வந்த அழைப்பில், மூச்சை வைத்தே ஆளைக் கண்டுகொண்ட மாதிரி, வயதான ஒரு குரல் கேட்டது:

"கம்பளம் கிடைச்சுடுச்சா, புருல்?"